ஃபர் கோட்டைக் குளிர் இல்லாத மாதங்களில் பாதுகாப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஃபர் கோட்டின் எதிரி யார் என்று கேட்டால் பெரும்பாலோர் யோசிக்காமல் அந்துப்பூச்சி என்பார்கள். எதிரிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் பூச்சி அரித்த இடத்தை வெட்டி எடுத்துவிட்டு வேறு துண்டு வைத்துத் தைத்துவிடலாம். வெப்பத்தில் எண்ணெய்ப்பசை வற்றி, தொட்டாலே கிழியும் அளவுக்கு நைந்துபோன தோலை எவ்வளவு தேர்ந்த கைவினைஞராலும் மீட்க முடியாது. கோட்டை அணியாத மாதங்களில்தான் இந்த இரண்டு கேடுகளும் நடக்கின்றன. அதிலும் அலமாரிக் கதவு மூடியிருக்கும்போது, யாரும் பார்க்காத நேரத்தில் நடக்கின்றன.

ஃபர் என்றதும் நாம் பார்ப்பது முடியை. அந்தக் கோட் பத்து ஆண்டு உழைக்குமா நாற்பது ஆண்டு உழைக்குமா என்பதைத் தீர்மானிப்பது முடிக்கு அடியில் இருக்கும் தோல். இந்த வழிகாட்டியில் வரும் ஏறக்குறைய எல்லா அறிவுரைகளும் அந்தத் தோலை மனதில் வைத்துச் சொல்பவை.

கோட்டுக்குள் என்ன இருக்கிறது

மிங்க், நரி, பீவர் போன்ற விலங்குகளின் ரோமத்தில் இரண்டு அடுக்குகள் உண்டு. நீளமாகவும் பளபளப்பாகவும் சற்று விறைப்பாகவும் வெளியே தெரிவது மேல்முடி. அதன் அடியில் நெருக்கமாகவும் மிருதுவாகவும் இருப்பது அடிமுடி. குளிரை உண்மையில் தடுப்பது இதுதான். நிறமும் பளபளப்பும் மேல்முடியின் வேலை.

இவை இரண்டும் ஊன்றி நிற்கும் தோல், நம் செருப்பிலும் கைப்பையிலும் இருக்கும் தோலைப் போன்றது அல்ல. அந்தத் தோல்களைப் பதனிடும்போது முடியை நீக்குவதற்காகவே சுண்ணாம்பில் ஊறவைப்பார்கள். ஃபருக்கு முடி வேண்டும் என்பதால் அந்த வழியில் போக முடியாது. உப்பு, படிகாரம், எண்ணெய் ஆகியவற்றைக் கொண்டு மிதமாகப் பதனிடுவதே வழிவழியாக வந்த முறை. படிகாரத்தின் பிடிப்பு நிலையானதல்ல. தண்ணீரில் ஊறினால் அது கரைந்து வெளியேறிவிடும். தோல்வரை நனைந்து காய்ந்த கோட் விறைத்துப் போவதற்கு இதுதான் காரணம். எண்ணெயும் அப்படித்தான். சூட்டிலும் வறண்ட காற்றிலும் அது மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே போகும்.

மிங்க் கோட்டின் லைனிங்கைப் பிரித்து உட்புறத்தைப் பார்த்தால் இன்னொன்றும் விளங்கும். ஒவ்வொரு தோலையும் சில மில்லிமீட்டர் அகலமுள்ள சாய்வான கீற்றுகளாக வெட்டி, ஒவ்வொரு கீற்றையும் சற்றுக் கீழிறக்கி மறுபடியும் தைத்து, குட்டையான தோலை கோட்டின் முழு நீளத்துக்கும் இழுத்திருப்பார்கள். ஒரே கோட்டில் ஆயிரக்கணக்கான நுண்ணிய தையல்கள் இருக்கும். மெல்லிய கம்பி ஹேங்கரில் மாதக்கணக்கில் தொங்கும் கோட், தோள்பட்டையில் ஏன் விட்டுக்கொடுக்கிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

முதல் வேலை: வெள்ளைத் துணி விரித்து ஒரு சோதனை

குளிர் விலகி, அறையில் சூடேற்றும் கருவி தேவைப்படாத நிலை வந்ததும் தொடங்கிவிடுங்கள். இன்னும் ஒருமுறை அணிய நேரிடலாம் என்று வெயில் காலத்தின் நடுப்பகுதி வரை தள்ளிப்போடுபவர்கள் உண்டு. பூச்சிகள் வேகமாகப் பெருகுவது வெப்பம் கூடும் அந்த மாதங்களில்தான்.

நல்ல வெளிச்சம் உள்ள இடத்தில், தரையில் அல்லது மேசை மேல் ஒரு வெள்ளைத் துணியை விரியுங்கள். பைகள் எல்லாவற்றையும் காலி செய்யுங்கள். சாவி, சில்லறை, கைக்குட்டை எதுவும் உள்ளே இருக்கக் கூடாது. பாரம் பையின் தையலை இழுக்கும் என்பது ஒரு காரணம். கைக்குட்டையில் ஒட்டியிருக்கும் உணவுத் துணுக்கு பூச்சியை அழைக்கும் என்பது இன்னொன்று. ப்ரோச், பெல்ட், கழற்றக்கூடிய அலங்காரங்கள் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். பிறகு கோட்டின் தோள்பகுதியை இரு கைகளாலும் பிடித்து, துணிக்கு மேலே மூன்று நான்கு முறை நிதானமாக உதறுங்கள்.

இனி கவனிக்க வேண்டியது கோட்டை அல்ல, துணியைத்தான். நாலைந்து தனி முடிகள் விழுந்திருந்தால் கவலை இல்லை. முடி கொத்துக் கொத்தாக விழுந்து, அந்த இடத்தில் தோல் வெறுமையாகத் தெரிந்தால் புழு வேரோடு ஒட்டி மேய்ந்திருக்கிறது. மணல்துகள் போன்ற சிறு உருண்டைகள் புழுவின் எச்சம். பழுப்பு நிறத்தில், உள்ளீடற்று, மயிர் முளைத்த கூடு போல ஏதாவது கிடந்தால் அது கம்பள வண்டின் புழு உரித்த சட்டை. முடியுடன் தோலின் செதில்களும் சேர்ந்து விழுந்திருந்தால் பூச்சியைத் தேட வேண்டாம், தோலே சிதையத் தொடங்கிவிட்டது. முடியின் நுனிகள் மட்டும் சுருண்டு, கருகியது போல் சொரசொரப்பாக இருந்தால் அந்தக் கோட் எப்போதோ சூட்டுக்கு அருகில் இருந்திருக்கிறது. இந்த ஐந்து நிமிடச் சோதனையைச் செய்யாமல் கோட்டை மூடி வைப்பவர்கள், பிரச்சினையையும் சேர்த்தே மூடி வைக்கிறார்கள்.

உதறிய பிறகு விரலால் முடியை எதிர்த்திசையில் விலக்கி, காலருக்கு அடியில், கையின் மடிப்பில், அக்குளில், பைகளின் ஓரத்தில், லைனிங் விளிம்பில் பாருங்கள். வெளிச்சம் படாத, அசைவு குறைந்த இந்த இடங்களைத்தான் புழுக்கள் தேர்ந்தெடுக்கும். மெல்லிய பட்டு நூல் போன்ற வலை தென்பட்டால் சந்தேகமே வேண்டாம்.

தோல் உயிரோடு இருக்கிறதா?

பல கோட்டுகளில் லைனிங்கின் அடிவிளிம்பு ஃபருடன் சேர்த்துத் தைக்கப்படாமல் தனியாகத் தொங்கும். அதைத் தூக்கினால் தோலின் உட்புறம் தெரியும். தைக்கப்பட்டிருந்தால் ஓரத்தில் ஓரிரு அங்குலம் தையலைப் பிரித்துப் பார்ப்பதில் தவறில்லை, மறுபடி தைத்துவிடலாம்.

தோலைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் பிடித்து மெதுவாக மடித்துப் பாருங்கள். நல்ல தோல் சத்தமில்லாமல் வளையும், விட்டதும் விரியும். காகிதம் நசுங்குவதுபோல் மொறுமொறுவென்று சத்தம் வந்தால் எண்ணெய் வற்றிவிட்டது என்று பொருள். மடித்த இடத்தில் வெடிப்புத் தெரிந்தால், அல்லது லேசாக இழுத்ததுமே பிய்ந்துகொண்டு வந்தால், அந்தக் கோட்டுக்குச் சேமிப்புச் செலவு செய்வதற்கு முன் ஒரு கைவினைஞரிடம் காட்டுவதே மேல். மொத்தத் தோலும் ஒரே வேகத்தில் கெடுவதில்லை. வியர்வை பட்ட அக்குளும் கழுத்தும் முதலில் போகும், முதுகுப் பகுதி நன்றாகவே இருக்கும். நன்றாக உள்ள பாகங்களைக் கொண்டு காலராகவோ குட்டைச் சட்டையாகவோ மாற்றித் தைப்பது தொழிலில் வழக்கமான வேலைதான்.

கடையில் கிடைக்கும் தோல் கண்டிஷனரையோ எண்ணெயையோ வாங்கித் தடவிச் சரிசெய்துவிடலாம் என்ற ஆசையை மட்டும் அடக்கிக்கொள்ளுங்கள். அது முடியின் வேர்ப்பகுதிக்கு ஏறி, முடிகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடும். அந்தப் பிசுக்கை எடுப்பது வறட்சியைச் சரிசெய்வதைவிடக் கடினம்.

சுத்தம்: எதைச் செய்யலாம், எதைத் தொடவே கூடாது

பூச்சிக்கும் அழுக்குக்கும் உள்ள உறவைப் பலர் சரியாகப் புரிந்துகொள்வதில்லை. அந்துப்பூச்சியின் புழு உண்பது முடியில் உள்ள கெரட்டின் என்ற புரதம். ஆனால் சுத்தமான கெரட்டின் மட்டும் அதற்குப் போதுமான உணவல்ல. உப்புகளும் வைட்டமின்களும் தேவை. அவை கிடைப்பது வியர்வையிலும் உடலின் எண்ணெய்ப்பசையிலும் சிந்திய உணவிலும்தான். ஒரு கோட்டில் முதுகு தப்பி, காலரும் கைநுனியும் மட்டும் அரிக்கப்படுவதற்குக் காரணம் இதுவே. ஆகவே சேமிப்பதற்கு முன் சுத்தம் செய்வது அழகுக்காக அல்ல.

கோட்டை அடிக்கடி அணிந்திருந்தால் ஒவ்வொரு பருவத்தின் முடிவிலும், எப்போதாவது அணிந்திருந்தால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் ஃபர் தொழில் தெரிந்தவரிடம் சுத்தத்துக்குக் கொடுங்கள். அவர்கள் செய்யும் முறையே வேறு. கரைப்பான் கலந்து லேசாக ஈரப்படுத்திய மரத்தூளுடன் கோட்டைப் பெரிய உருளைக்குள் போட்டுச் சுழற்றுவார்கள். மரத்தூள் முடிகளுக்கு இடையில் புகுந்து அழுக்கையும் பிசுக்கையும் உறிஞ்சிக்கொள்ளும், தோல் நனையாது. அடுத்து, கம்பிவலை சுற்றிய உருளையில் சுழற்றித் தூளை வெளியேற்றுவார்கள். கடைசியில் முடியின் மேல் மட்டும் நீரைத் தூவி, அதற்கென்றே உள்ள கருவியால் மேல்முடியை நிமிர்த்திப் பளபளப்பைக் கொண்டுவருவார்கள்.

வழக்கமான டிரை கிளீனிங் இதற்கு மாற்று அல்ல. அதில் பயன்படும் கரைப்பான் அழுக்கோடு தோலின் எண்ணெயையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும். ஆகவே கோட்டைக் கொடுக்கும் முன் 'இங்கேயே செய்கிறீர்களா, ஃபர் சுத்தம் செய்பவரிடம் அனுப்புகிறீர்களா?' என்று கேட்டுவிடுங்கள். பதில் தெளிவாக வராவிட்டால் கோட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு வருவதில் கூச்சப்பட வேண்டியதில்லை. வாஷிங் மெஷின், கைச்சலவை, நீராவி இஸ்திரி ஆகியவற்றைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

வீட்டில் நாம் செய்யக்கூடியது குறைவு. உதறுவது. உலர்ந்த வெள்ளைப் பருத்தித் துணியால் முடியின் போக்கிலேயே மெல்லத் துடைப்பது. லைனிங்கில் மட்டும் கறை இருந்தால், நன்கு பிழிந்த துணியால் அந்த இடத்தை ஒற்றியெடுப்பது. அவ்வளவுதான். சீப்பையும் ஹேர் பிரஷ்ஷையும் எடுக்காதீர்கள், அடிமுடி பிய்ந்துவரும். சிக்கல் விழுந்திருந்தால் விரல்தான் கருவி.

பருவத்தின் கடைசி நாளில் மழையிலோ பனியிலோ நனைந்துவிட்டதா? நீரை உதறிவிட்டு, அகலமான ஹேங்கரில், காற்றோட்டமுள்ள அறையில் தானாகக் காயவிடுங்கள். ஹீட்டர் அருகிலோ வெயிலிலோ வைப்பதும், ஹேர் டிரையர் பிடிப்பதும் கூடாது. நனைந்த தோல், உலர்ந்த தோலைவிடக் குறைந்த வெப்பத்திலேயே சுருங்கிவிடும். முற்றிலும் காய்ந்த பிறகு மறுபடி ஒருமுறை உதறினால் முடி எழுந்து நிற்கும். முடிக்குக் கீழே தோல்வரை ஈரம் இறங்கியிருந்தால் காத்திருக்காமல் அன்றே கைவினைஞரிடம் கொண்டுபோங்கள். ஈரத்தோடு எந்தக் கோட்டையும் பைக்குள் போடக் கூடாது.

குளிர்கிடங்கா, வீடா?

என் பரிந்துரையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோடையில் வீட்டுக்குள் வெப்பமும் ஈரப்பதமும் ஏறும் இடத்தில் நீங்கள் இருந்தால், கோட்டுக்கு மதிப்பும் இருந்தால், கிடங்கில் கொடுங்கள். ஃபருக்கான கிடங்குகள் பொதுவாக 7 முதல் 10 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையிலும் 45 முதல் 55 சதவீத ஈரப்பதத்திலும் இயங்கும். இருட்டு, காற்றோட்டம், தனித்தனியாகத் தொங்கவிட இடம் ஆகியவையும் இருக்கும். 10 டிகிரிக்குக் கீழே அந்துப்பூச்சியின் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுபோகிறது. தோலில் உள்ள எண்ணெய் கெடும் வேகமும் குறைகிறது. வீட்டுக் குளிர்சாதனக் கருவியால் இந்த நிலையை மாதக்கணக்கில் தொடர்ந்து தர முடியாது.

இங்கே ஒரு நுணுக்கம். கிடங்கின் குளிர் பூச்சியை உறங்கவைக்கும், கொல்லாது. முட்டையோடு உள்ளே போன கோட் முட்டையோடுதான் வெளியே வரும். அதனால் உள்ளே எடுக்கும் முன் ஒவ்வொரு கோட்டையும் சோதிக்கிறார்களா என்பதே கிடங்கைப் பற்றி நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி. கிடங்கு அவர்களுடையதா அல்லது வேறிடத்துக்கு அனுப்புகிறார்களா, வெப்பநிலையும் ஈரப்பதமும் பதிவாகின்றனவா, பூச்சிக்கு மருந்தடித்தால் எந்த மருந்து, நெருக்கியடித்துத் தொங்கவிடாமல் இடைவெளி விடுகிறார்களா என்பதையும் கேளுங்கள். முடிந்தால் அறையை நேரில் பாருங்கள். குளிரூட்டிய அறை என்று சொல்லி, சாதாரண ஏசி அறையைக் காட்டுபவர்களும் இருக்கிறார்கள்.

காப்பீட்டு விஷயத்தில் சோம்பல் கூடாது. ரசீதில் நீங்கள் அறிவிக்கும் மதிப்புக்குத்தான் இழப்பீடு கிடைக்கும். கட்டணத்தைக் குறைப்பதற்காக மதிப்பைக் குறைத்து எழுதினால், தொலைந்தால் அவ்வளவுதான் கைக்கு வரும். கொடுக்கும் அன்றே முன்புறம், பின்புறம், லைனிங், ஏற்கெனவே உள்ள சேதங்கள் எல்லாவற்றையும் படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். ரசீதில் விலங்கின் பெயர், நிறம், நீளம் இருக்கட்டும். 'பழுப்புக் கோட் 1' என்று மட்டும் எழுதிய ரசீதை ஏற்காதீர்கள்.

பரம்பரையாக வந்த பழைய கோட்டாக இருந்தால் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். சிறுத்தை, ஓசலாட் போன்ற புள்ளிப் பூனை இனங்களின் தோலில் ஒரு காலத்தில் கோட்டுகள் தைத்தார்கள். 1973இல் கையெழுத்தாகி 1975இல் நடைமுறைக்கு வந்த சைட்டிஸ் ஒப்பந்தம், இத்தகைய இனங்களின் தோலை எல்லை தாண்டிக் கொண்டுபோவதைக் கட்டுப்படுத்துகிறது. சுத்தத்துக்கோ சேமிப்புக்கோ வேறு நாட்டுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் ஆவணங்களை முன்பே சரிபார்த்துவிடுங்கள்.

வீட்டிலேயே வைப்பதென்றால்

இடத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறை கொதிக்கும். நிலவறை ஈரமாக இருக்கும். குளியலறையை ஒட்டிய சுவரும் சமையலறைப் பக்கச் சுவரும் நல்லதல்ல. வெளிச்சுவரைத் தொடாத, வீட்டின் நடுப்பகுதியில் உள்ள அலமாரிதான் பெரும்பாலும் குளிர்ச்சியாக இருக்கும். ஊகத்தில் முடிவெடுக்க வேண்டாம். வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் காட்டும் சிறு கருவி ஒன்றை வாங்கி, யோசித்துவைத்த இரண்டு மூன்று இடங்களிலும் சில நாள்கள் வைத்துப் பாருங்கள். முடிந்தவரை 20 டிகிரிக்குக் கீழ், ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் என்பது இலக்கு. இலக்கை எட்ட முடியாவிட்டாலும், ஏற்ற இறக்கம் குறைந்த இடத்தையே தேர்ந்தெடுங்கள். ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நிலைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். 40க்குக் கீழே இறங்கினால் தோல் வறளும். சிலிக்கா ஜெல் பொட்டலங்களை அள்ளிப் போடுவது இந்த இரண்டாவது ஆபத்தில்தான் கொண்டுபோய் விடும். ஈரம் மிகுந்த வீட்டுக்கு, அளவை நிர்ணயிக்கக்கூடிய ஈரநீக்கிக் கருவியே சரியான தீர்வு.

ஹேங்கர் உங்கள் தோளின் அகலத்துக்கு ஒத்ததாகவும் நுனிகள் உருண்டு பருத்ததாகவும் பஞ்சு பொதிந்ததாகவும் இருக்க வேண்டும். கோட்டை மாட்டியபின் தோளின் வெளிப்புறத்தில் ஹேங்கரின் முனை குத்தி நிற்கிறதா என்று பாருங்கள். குத்தினால் அது சிறியது. கொக்கிகளை, குறிப்பாகக் கழுத்துக் கொக்கியை மாட்டிவிட்டால் பாரம் இருபுறமும் சமமாகப் பரவும். இரண்டு பக்கமும் குறைந்தது 5 முதல் 8 சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள். நெருக்கி அடைத்தால் மேல்முடி வளைந்து, அந்த வளைவிலேயே நிலைத்துவிடும்.

தோல் நலிந்த பழைய கோட்டுக்கும், சொந்த எடையையே தாங்க முடியாத கனமான நீளக் கோட்டுக்கும் தொங்கவிடும் முறை ஒத்துவராது. அவற்றைக் கிடைநிலையில், பெரிய பெட்டியில், அமிலமற்ற டிஷ்யூ தாளால் கைகளையும் மடிப்புகளையும் நிரப்பி வைக்க வேண்டும். அச்சடித்த செய்தித்தாளைத் திணிக்காதீர்கள். மை ஒட்டும், தாளின் அமிலம் தோலுக்கு ஆகாது. பெட்டியின் மேல் வேறு எதையும் அடுக்கவும் கூடாது.

உறை பருத்தித் துணியாகவே இருக்கட்டும். பழைய வெள்ளைப் படுக்கை விரிப்பில் தைத்த பை, விலை உயர்ந்த எந்த உறைக்கும் குறைந்ததல்ல. கடையில் கோட்டோடு தந்த பிளாஸ்டிக் உறையை அன்றே கழற்றிவிடுங்கள். காற்று புகாத உறைக்குள் ஈரம் சிக்கிக்கொள்ளும். வெளிச்சம் இன்னொரு மெதுவான கேடு: வெள்ளை ஃபர் மஞ்சளாகும், பழுப்பு மிங்க் செம்மை ஏறும். கண்ணாடிக் கதவுள்ள அலமாரி, உள்ளே விளக்கு எரியும் அலமாரி எல்லாம் பார்வைக்குத்தான் அழகு.

பூச்சி விஷயத்தில் நம்பிக்கையும் உண்மையும்

துணிகளை அரிக்கும் அந்துப்பூச்சி 6 முதல் 8 மில்லிமீட்டர் நீளமே உள்ள, வைக்கோல் நிறப் பூச்சி. வெளிச்சத்தை வெறுக்கும். விளக்கைச் சுற்றிப் பறக்கும் பூச்சியைப் பார்த்துப் பதறுபவர்கள் பதற வேண்டியதில்லை. அது பெரும்பாலும் வேறு இனம். அலமாரியைத் திறந்ததும் இருட்டை நோக்கி ஓடுவதுதான் கவலைக்குரியது. வளர்ந்த பூச்சி எதையும் உண்பதில்லை. கேடு செய்வது முழுக்க முழுக்கப் புழுதான். ஒரு பெண்பூச்சி சுமார் 40 முதல் 50 முட்டைகள் இடும். வெதுவெதுப்பான சூழலில் 4 முதல் 10 நாள்களில் அவை பொரியும்.

கம்பள வண்டு நேர்மாறானது. 2 முதல் 4 மில்லிமீட்டர் அளவுள்ள உருண்டையான வளர்ந்த வண்டு பூக்களின் மகரந்தத்தை உண்ணும், வெளிச்சத்தை நாடும். ஆகவே ஜன்னல் விளிம்பில் செத்துக்கிடக்கும் குட்டி வண்டுகளைத் துடைத்துப் போட்டுவிட்டு மறந்துவிடாதீர்கள். அவற்றின் புழுக்கள் வீட்டுக்குள் எங்கோ இருந்திருக்கின்றன.

இனி அந்துருண்டை. நாஃப்தலின், பாராடைக்ளோரோபென்சீன் என்ற இரண்டு பொருள்களில் ஒன்றால்தான் அது பெரும்பாலும் செய்யப்படுகிறது. ஆவி அடர்த்தியாகத் தேங்கும் மூடிய கலத்தில் மட்டுமே அது புழுவைக் கொல்லும். இடுக்கு உள்ள அலமாரியில் நான்கு உருண்டைகளைப் போடுவதால் நாற்றம் மட்டும் மிஞ்சும். அந்த நாற்றம் ஃபரின் அடிமுடியில் ஏறினால் எளிதில் போகாது. மூடிய கலமோ தோலுக்கு ஆகாது. போதாக்குறைக்கு இரண்டுமே நச்சு. ஜி6பிடி என்சைம் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு நாஃப்தலின் ஆவி இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடும். ஃபர் கோட் இருக்கும் அலமாரியில் அந்துருண்டைக்கு இடமே இல்லை என்பது என் உறுதியான கருத்து.

தேவதாரு மரக்கட்டையும் லாவெண்டர் பையும் தீமை செய்வதில்லை, கோட்டைத் தொடாமல் இருக்கும்வரை. தொட்டால் அவற்றின் எண்ணெய் கறை படுத்தும். ஆனால் அவற்றை மட்டும் நம்பிக் கோட்டை மறந்துவிட முடியாது. வாசனை போனபின் பயனும் இல்லை. தேவதாருப் பலகை பதித்த அலமாரி வெப்பத்தையோ ஈரத்தையோ கட்டுப்படுத்தாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

உண்மையில் பயன் தருபவை சலிப்பூட்டும் வேலைகள்தான். கோட்டை உள்ளே வைப்பதற்கு முன் அலமாரியின் மூலை முடுக்கு, பலகைகளின் இடுக்கு, கீழே உள்ள தரை எல்லாவற்றையும் வேக்யூம் கிளீனரால் உறிஞ்சி எடுங்கள். சேர்ந்த தூசியை அன்றே வீட்டுக்கு வெளியே போடுங்கள். அதே அலமாரியில் துவைக்காத கம்பளி ஆடைகள் இருந்தால் வெளியேற்றுங்கள். அந்துப்பூச்சிக்கான ஒட்டும் பொறி ஒன்றை வையுங்கள். அதில் உள்ள ஃபெரமோன் ஆண்பூச்சிகளை மட்டுமே ஈர்க்கும் என்பதால் அது கோட்டைக் காப்பாற்றாது. பூச்சி வந்துவிட்டது என்று உங்களுக்குத் தெரிவிக்கும். அதற்காகவே அது தேவை.

பூச்சி இருப்பது உறுதியானால் உறையவைப்பதுதான் மருந்தில்லா வழி. அருங்காட்சியகங்களும் இதைத்தான் கையாளுகின்றன. கோட்டைத் துணியில் சுற்றி, பாலித்தீன் பைக்குள் வைத்து, காற்றை மெல்ல வெளியேற்றி, வாயை நன்றாக ஒட்டிவிட வேண்டும். இது ஒன்றுக்குத்தான் பிளாஸ்டிக். மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம், மைனஸ் 30 டிகிரியில் மூன்று நாள் என்பது வழக்கமான கணக்கு. வீட்டு ஃப்ரீசர் மைனஸ் 18ஐ உண்மையில் எட்டுகிறதா என்று வெப்பமானி வைத்துப் பாருங்கள். உறைந்த தோல் நொறுங்கும். உறைந்த நிலையில் பையை மடக்கவோ அழுத்தவோ கூடாது. வெளியே எடுத்தபின் முழுதாக 24 மணிநேரம் பையைத் திறக்காதீர்கள். அவசரப்பட்டுத் திறந்தால் அறைக் காற்றின் ஈரம் கோட்டின் மேல் நீராகப் படியும். பை மூடியிருந்தால் அந்த நீர் பையின் வெளிப்புறத்தில் மட்டும் படிந்து காய்ந்துவிடும். தோல் சோதனையில் மொறுமொறுத்த கோட்டுக்கு இந்த வைத்தியம் வேண்டாம், கைவினைஞரிடம் விடுங்கள்.

மாதம் ஒருமுறை

பொறியைப் பாருங்கள், கருவியில் ஈரப்பதத்தைப் பாருங்கள், உறையைத் திறந்து கோட்டை ஒருமுறை அசைத்துவிடுங்கள். அசைவே பூச்சிக்குப் பிடிக்காது. பூஞ்சண வாடை வந்தால் உடனே வெளியே எடுத்து, நிழலில் காற்றாடத் தொங்கவிட்டு, காரணத்தைக் கண்டுபிடியுங்கள்.

வகைக்கு ஏற்றபடி சில மாற்றங்கள்

முயல் ஃபரின் தோல் மெல்லியது, முடி எளிதில் உதிரும். உதறும்போதும் மென்மை தேவை. இடைவெளி கூடுதலாக விடுங்கள். நரி போன்ற நீள ரோமத்துக்கு நசுங்குவதுதான் பெரிய ஆபத்து. காரகுல் ஆட்டுக்குட்டித் தோலின் சுருள்களை மடித்து வைத்தால் மடிப்புக் கோட்டிலேயே தோல் வெடிக்கும். ரோமம் உள்ளேயும் மெருகிட்ட தோல் வெளியேயும் இருக்கும் செம்மறித்தோல் கோட்டின் தோல்புறத்தை மட்டும் அதற்குரிய மென்மையான பிரஷ்ஷால் துடைக்கலாம். கனம் அதிகம் என்பதால் ஹேங்கர் தடிமனாக இருக்க வேண்டும்.

செயற்கை ஃபருக்கு இவ்வளவு பாடு வேண்டாம். அது பெரும்பாலும் அக்ரிலிக் அல்லது மோடாக்ரிலிக் இழை; அந்துப்பூச்சிக்கு அதில் உணவில்லை. ஆனால் சூடு பட்டால் இழை உருகிச் சுருளும், அழுத்தி வைத்தால் நசுங்கியது நசுங்கியதுதான். உங்களிடம் உள்ளது எது என்று சந்தேகமாக இருந்தால் முடியை விலக்கி அடிப்பகுதியைப் பாருங்கள். நெய்த துணியின் கண்ணிகள் தெரிந்தால் செயற்கை, தோல் தெரிந்தால் உண்மையான ஃபர்.

குளிர் திரும்பும்போது

அணிய வேண்டிய நாளன்று காலையில் கிடங்குக்கு ஓடாதீர்கள். குறைந்தது ஒரு வாரம் முன்பே எடுத்துவிடுங்கள். கிடங்கிலிருந்து வாங்கும்போதே, முன்பு எடுத்த படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். வீட்டுக்கு வந்ததும் உறையை நீக்கி, வெயில் படாத அறையில் ஒருநாள் முழுவதும் தொங்கவிடுங்கள். பிறகு மறுபடியும் வெள்ளைத் துணி, மறுபடியும் உதறல். கொக்கிகள், பையின் தையல், லைனிங் விளிம்பு ஆகியவற்றில் பழுதிருந்தால் அணியத் தொடங்கும் முன் தைத்துவிடுங்கள். சிறு கிழிசல் ஒரே அசைவில் ஒரு சாண் நீளத்துக்குப் போகும்.

வாசனைத் திரவியத்தையும் ஹேர் ஸ்பிரேயையும் கோட்டை மாட்டும் முன்பே அடித்து, அவை உலர்ந்த பிறகு அணியுங்கள். ஆல்கஹால் முடியை வறளச் செய்யும், பிசுக்கு தூசியைப் பிடிக்கும். தோளில் மாட்டும் பையைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள், காரில் நீண்ட தூரம் போவதானால் கோட்டைக் கழற்றிப் பின்னிருக்கையில் விரித்து வையுங்கள். சீட் பெல்ட்டும் தோள்பையின் வாரும் ஒரே இடத்தில் உரசி உரசி மேல்முடியை ஒடித்துவிடும்.